ஆள் மாறினால் கொள்கை மாறுமா? அமெரிக்க அதிபரின் கையில் இருப்பதும் இல்லாததும்

அமெரிக்காவில் புதிய அதிபர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி இது: ஆள் மாறியதால் அந்நாட்டின் வெளியுறவுக் கொள்கை உண்மையிலேயே மாறுமா, அல்லது வெள்ளை மாளிகையில் யார் இருந்தாலும் அது பழைய தடத்திலேயே போய்க்கொண்டிருக்குமா? இரு தரப்புக்கும் எடுத்துக்காட்டுகள் தாராளமாகக் கிடைப்பதால் இந்த விவாதம் ஓய்வதே இல்லை. அதிபர் எதைச் செய்ய முயல்கிறார், அதற்கு யாருடைய ஒப்புதல் தேவை என்று பிரித்துப் பார்த்தால்தான் விடை ஓரளவு தெளிவாகும் என்பது என் கருத்து. படை அனுப்பவும், தடை விதிக்கவும், முன்னவர் செய்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறவும் அதிபருக்கு ஏறத்தாழக் கட்டற்ற அதிகாரம் இருக்கிறது. பகையைத் தீர்க்கவும், விதித்த தடையை நீக்கவும், தனக்குப் பின்னும் நிலைக்கக்கூடிய உடன்படிக்கை செய்யவும் அவரிடம் உள்ள அதிகாரம் மிகக் குறைவு. ஆகவே கொள்கையைக் கடுமையின் பக்கம் திருப்புவது அவருக்கு எளிது. இணக்கத்தின் பக்கம் திருப்புவது அரிது. இதற்குத் தனிமனிதர்களின் குணத்தைவிட அமைப்பு உருவாகியுள்ள விதமே பெரிய காரணம்.

அமெரிக்க அரசியலமைப்பின்படி போர் அறிவிக்கும் அதிகாரம் அந்நாட்டின் நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு உரியது. அதிபர் முப்படைகளின் தலைமைத் தளபதி. ஏட்டளவில் இது தெளிவான பங்கீடு. ஆனால் அமெரிக்கா முறைப்படி போர் அறிவித்தது கடைசியாக 1942இல்தான். கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், ஈராக் ஆகிய எந்தப் போரும் அத்தகைய அறிவிப்போடு நடந்ததல்ல. வியட்நாம் தந்த கசப்பால் 1973இல், அதிபர் நிக்சனின் வீட்டோவையும் (மறுப்பாணையையும்) மீறி, காங்கிரஸ் போர் அதிகாரத் தீர்மானத்தை நிறைவேற்றியது. படைகளை மோதலில் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாட்களில் நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். 2011இல் லிபியா மீதான குண்டுவீச்சு 60 நாட்களைத் தாண்டியபோது, அங்கு நடப்பது அச்சட்டம் குறிப்பிடும் வகையைச் சேர்ந்த சண்டையே ஆகாது என்று ஒபாமாவின் நிர்வாகம் வாதிட்டுத் தொடர்ந்து நடத்தியது. செப்டம்பர் 2001இல் அல்-காய்தாவையும் அதற்கு அடைக்கலம் தந்தவர்களையும் குறிவைத்துக் காங்கிரஸ் தந்த அனுமதியோ, அடுத்து வந்த அதிபர்கள் யேமன், சோமாலியா, சிரியா என்று பல நாடுகளில் படைபலத்தைப் பயன்படுத்தக் காட்டிய ஆதாரமாயிற்று.

உடன்படிக்கைகளின் கதை இதற்கு நேர் எதிரானது. காங்கிரஸின் மேலவையான செனட்டில் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றால்தான் ஓர் உடன்படிக்கை சட்டவலிமை பெறும். முதல் உலகப் போருக்குப் பின் வில்சன் தாமே பாரிஸில் அமர்ந்து பேசி முடித்த வெர்சாய் உடன்படிக்கையை 1919இலும் 1920இலும் செனட் ஏற்க மறுத்தது. கிளிண்டன் 1996இல் கையெழுத்திட்ட அணுகுண்டுச் சோதனைத் தடை உடன்படிக்கையை 1999இல் நிராகரித்தது. பனாமா கால்வாயைப் பனாமாவிடமே ஒப்படைக்கும் உடன்படிக்கைகளை 1978இல் கார்ட்டர் நிறைவேற்றிக்கொண்டார் என்றாலும், 68க்கு 32 என்ற அந்த வாக்குக் கணக்கு, தேவையான 67ஐவிட ஒன்றே ஒன்றுதான் கூடுதல். கட்சிகள் இன்று பிளவுபட்டுக் கிடக்கும் நிலையில், சர்ச்சைக்குரிய எந்த உடன்படிக்கைக்கும் 67 வாக்குகள் கிடைக்கும் என்று எந்த அதிபரும் நம்ப முடியாது. எனவே அவர்கள் செனட்டுக்குப் போகாமல் தங்கள் சொந்த அதிகாரத்தில் உடன்பாடுகளைச் செய்கிறார்கள். அவற்றின் ஆயுள், செய்தவரின் பதவிக்காலத்தோடு முடிந்துபோகலாம். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் ஒபாமா சேர்ந்தார், டிரம்ப் விலகினார், 2021இல் பைடன் மீண்டும் சேர்ந்தார், 2025இல் டிரம்ப் பதவியேற்ற அன்றே மீண்டும் விலக ஆணையிட்டார்.

இந்தச் சமனின்மையை நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் கியூபாவைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. 1962இல் கென்னடி ஓர் அறிவிக்கையின் மூலம் அந்நாட்டின் மீது முழு வர்த்தகத் தடையை விதித்தார். அதிபர் விதித்தது என்பதால் அதிபரே நீக்கிவிடும் நிலையில்தான் அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 1996 பிப்ரவரியில், மியாமியைச் சேர்ந்த கியூப எதிர்ப்பு அமைப்பு ஒன்றின் இரண்டு சிறு விமானங்களைக் கியூபப் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தியதில் நான்கு பேர் இறந்தார்கள். தடையை இறுக்கும் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் மசோதாவை அதுவரை ஏற்கத் தயங்கிய கிளிண்டன், தேர்தல் ஆண்டின் நெருக்கடியில் சில வாரங்களிலேயே அதில் கையெழுத்திட்டார். அத்துடன் தடை சட்டமாகிவிட்டது. கியூபாவில் இடைக்கால அரசு அமைய வேண்டும், அதில் ஃபிடல் காஸ்ட்ரோவும் ராவுல் காஸ்ட்ரோவும் இருக்கக் கூடாது என்று இரண்டு மனிதர்களின் பெயர்களையே அந்தச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ஒரு கையெழுத்தால், தமக்குப் பின் வரும் எல்லா அதிபர்களின் அதிகாரத்தையும் கிளிண்டன் காங்கிரஸிடம் ஒப்படைத்துவிட்டார்.

2014 டிசம்பர் 17 அன்று ஒபாமாவும் ராவுல் காஸ்ட்ரோவும் உறவைச் சீராக்கப்போவதாக அறிவித்தபோது உலகமே அதை வரலாற்றுத் திருப்பமாகக் கொண்டாடியது. தூதரகங்கள் திறக்கப்பட்டன. 1961இல் ஹவானாவில் அமெரிக்கக் கொடியை இறக்கிய மூன்று மரைன் படை வீரர்கள், முதியவர்களாகி, 2015 ஆகஸ்டில் அதே இடத்தில் கொடி மீண்டும் ஏறியதை நேரில் பார்த்தார்கள். பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலிலிருந்து கியூபா நீக்கப்பட்டது. பயண விதிகள் தளர்ந்தன. 2016 மார்ச்சில் ஒபாமாவே ஹவானா சென்றார். ஆனால் வர்த்தகத் தடையை அவரால் தொட முடியவில்லை. அந்தத் தடையைக் கண்டிக்கும் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை ஆண்டுதோறும் எதிர்த்து வாக்களித்துவந்த அமெரிக்கா, 2016 அக்டோபரில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ஓர் அதிபர் தன் நாட்டுச் சட்டம் தவறு என்று எண்ணியும் அதிகபட்சம் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவர் கையெழுத்தால் செய்தவை அடுத்தவரின் கையெழுத்தால் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. டிரம்ப் தம் முதல் பதவிக்காலம் முடியச் சில நாட்களே இருக்கையில் கியூபாவை மீண்டும் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தார்; பைடன் 2025 ஜனவரி 14இல் நீக்கினார்; ஆறே நாட்களில், மறுபடி பதவியேற்ற டிரம்ப் அந்த நீக்கத்தை ரத்து செய்தார். இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஈரான் விவகாரத்தில் இதே நோய் இன்னும் கொடிய விளைவைத் தந்தது. 2015 ஜூலையில் ஆறு வல்லரசுகளும் ஈரானும் செய்துகொண்ட அணுசக்தி ஒப்பந்தத்தின்படி, யுரேனியச் செறிவூட்டல் 3.67 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, கையிருப்பு 300 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் முடிவாவதற்கு முன்பே குடியரசுக் கட்சி செனட்டர்கள் 47 பேர் ஈரானின் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, காங்கிரஸ் ஏற்காத எந்த உடன்பாட்டையும் அடுத்த அதிபர் நொடியில் ரத்து செய்துவிடலாம் என்று எச்சரித்தார்கள். அந்த மடலின் நோக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அது சொன்னது நடந்தது. ஈரான் விதிகளைப் பின்பற்றிவருவதாகச் சர்வதேச அணுசக்தி முகமை தொடர்ந்து அறிக்கை தந்துகொண்டிருந்தபோதே, 2018 மே 8 அன்று டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். 2021இல் வியன்னாவில் பைடனின் தூதர்கள் பேச்சைத் தொடங்கியபோது, அடுத்து வரும் அதிபர் மறுபடியும் விலகமாட்டார் என்பதற்கு உறுதி வேண்டும் என்று ஈரான் கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த உறுதியைத் தரும் அதிகாரம் பைடனிடம் இல்லை. செறிவூட்டல் 60 விழுக்காடு வரை போனது, பேச்சு முறிந்தது, 2025 ஜூன் 22 அன்று ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் அணுசக்தி மையங்கள் மீது அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. அந்தக் குண்டுவீச்சுக்கு முன் காங்கிரஸில் ஒரு வாக்கெடுப்புகூட நடக்கவில்லை. உடன்பாட்டைக் காக்க ஓர் அதிபருக்கு 67 செனட்டர்கள் தேவைப்பட்டார்கள். தாக்குதல் நடத்த இன்னோர் அதிபருக்கு ஒருவரும் தேவைப்படவில்லை.

சட்டத்தைத் தவிர, நிர்வாக இயந்திரமும் அதிபரைத் தடுக்கும். தென் கொரியாவிலிருந்து அமெரிக்கத் தரைப்படையைப் படிப்படியாக விலக்கிக்கொள்வேன் என்று 1976 தேர்தலில் கார்ட்டர் வாக்குறுதி அளித்திருந்தார். இதற்குச் செனட்டின் ஒப்புதல் தேவையில்லை. அவர்தான் தலைமைத் தளபதி. பதவியேற்றதும் அதற்கான பணியைத் தொடங்கினார். சில மாதங்களிலேயே கொரியாவில் இருந்த அமெரிக்கப் படைத் தலைமையகத்தின் உயரதிகாரி ஜெனரல் சிங்லாப், விலகினால் போர் மூளும் என்று நாளிதழிடம் வெளிப்படையாகவே சொல்ல, கார்ட்டர் அவரை அழைத்துப் பொறுப்பிலிருந்து நீக்கினார். ஆனால் எதிர்ப்பு ஒரு ஜெனரலோடு முடியவில்லை. வட கொரியப் படை முன்பு நினைத்ததைவிட மிகப் பெரியது என்று உளவுத் துறையின் மறுமதிப்பீடு சொன்னது. ஜப்பான் கவலை தெரிவித்தது. காங்கிரஸில் அவருடைய கட்சியினரே தயங்கினார்கள். 1979 ஜூன் இறுதியில் சியோலுக்குச் சென்ற கார்ட்டரிடம், தென் கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ படைவிலக்கத்தின் தீமைகளை நெடுநேரம் எடுத்துரைத்தார். மூன்று வாரங்களில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. பின்பு எழவே இல்லை. சுமார் 28,500 அமெரிக்க வீரர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

இத்தகைய நிகழ்வுகளை வைத்து, தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் பின்னால் மறைமுக அரசு ஒன்று ஆள்கிறது என்று சொல்வோர் உண்டு. அந்த முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. சதி எதுவும் தேவையில்லை. அதிபர் காலையில் படிக்கும் உளவுக் குறிப்பும், அவர் முன் வைக்கப்படும் மூன்று மாற்று வழிகளும், ஒவ்வொன்றின் விளைவு பற்றிய கணிப்பும், பல ஆண்டுகளாக ஒரே கொள்கையை நடத்திவந்தவர்களிடமிருந்தே வருகின்றன என்பது போதும். ஆப்கானிஸ்தானில் இது பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. 2009இல் ஒபாமா தயங்கித் தயங்கி மேலும் 30,000 வீரர்களை அனுப்பினார். வெளியேற வேண்டும் என்பதே தம் முதல் எண்ணம் என்று சொல்லிக்கொண்டே 2017இல் டிரம்ப் படையைக் கூட்டினார். கடைசியில் டிரம்ப் 2020இல் தோஹாவில் தாலிபான்களோடு செய்த உடன்பாட்டை, 2009இல் துணை அதிபராக இருந்தபோதே படைப்பெருக்கத்தை எதிர்த்த பைடன், 2021 ஆகஸ்டில் தளபதிகளின் ஆலோசனையை மீறி நிறைவேற்றினார். படையைத் திரும்ப அழைப்பது அதிபரால் முடியும் என்பதற்கு அது சான்று. அதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டும், பின்விளைவுக்கான பழி முழுவதையும் எப்படி ஒருவரே சுமக்க நேரும் என்பதற்கும் அதுவே சான்று.

அப்படியானால் நிலைத்த மாற்றமே நிகழ்ந்ததில்லையா என்றால், நிகழ்ந்திருக்கிறது. 1972 பிப்ரவரியில் நிக்சன் பெய்ஜிங் சென்றது அவற்றில் தலையாயது. தம் வெளியுறவு அமைச்சரையும் அத்துறையையும் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டு, தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் காரியம் பார்த்தார். 1971 ஜூலையில் பாகிஸ்தானில் இருந்த கிசிஞ்சருக்கு வயிற்றுக் கோளாறு என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டு, அவரை இரகசியமாகப் பெய்ஜிங்குக்கு விமானம் ஏற்றினார்கள். அந்த இரகசியப் பாதைக்குப் பாகிஸ்தான் இன்றியமையாததாக இருந்ததும், கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசத்தில்) நடந்த படுகொலைகளைக் கண்டிக்க வெள்ளை மாளிகை மறுத்ததற்கு ஒரு காரணம். டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட்டும் சக அதிகாரிகளும் அந்த மௌனத்தை எதிர்த்து 1971 ஏப்ரலில் தந்தி அனுப்பினார்கள். அவர் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். சீனத் திருப்பத்தின் பெருமையைப் பேசுவோர் அதற்கு வங்காள மக்கள் கொடுத்த விலையையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்தத் திருப்பம் நிலைத்ததற்கு நிக்சனின் துணிவு மட்டும் காரணமாகாது. 1969இல் எல்லையிலுள்ள உசூரி ஆற்றங்கரையில் சீனாவும் சோவியத் யூனியனும் மோதிக்கொண்டபோதே உலகச் சமன்பாடு மாறத் தொடங்கிவிட்டது. நிக்சன் அதைப் பிறருக்கு முன் கண்டுகொண்டார். கம்யூனிச எதிர்ப்பாளர் என்று பெயரெடுத்தவர் என்பதால் வலதுசாரிகள் அவரைத் துரோகி என்று எளிதில் சொல்ல முடியவில்லை. அப்போதும் முழுமையான தூதரக உறவு 1979 ஜனவரியில் கார்ட்டர் காலத்தில்தான் ஏற்பட்டது. உடனே ஏப்ரலில் காங்கிரஸ் தைவான் உறவுச் சட்டத்தை இயற்றி, தைவானுக்குத் தற்காப்பு ஆயுதம் வழங்குவதைக் கொள்கையாக்கி, அதிபர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கோடு கிழித்தது. சீனா பற்றிய அடுத்த திருப்பமும் இதே போக்கில்தான் வந்தது. 2018இல் டிரம்ப் விதித்த கூடுதல் வரிகளைப் பைடன் நீக்கவில்லை. 2022 அக்டோபரில் உயர்தரக் கணினிச் சில்லுகளின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தார், 2024இல் சீன மின்வாகனங்கள் மீதான வரியை 100 விழுக்காடாக்கினார். எதிர்க்கட்சியும் சொந்தமாக்கிக்கொள்ளும் மாற்றமே தங்குகிறது.

2025இல் தொடங்கிய டிரம்பின் இரண்டாம் பதவிக்காலம் இந்தக் கணிப்பைப் பொய்யாக்கிவிட்டதல்லவா என்று கேட்கலாம். பதவியேற்ற நாளிலேயே வெளிநாட்டு உதவிகள் 90 நாட்களுக்கு நிறுத்தப்பட்டன. அந்த உதவிகளை வழங்குவதற்காக 1961இல் கென்னடி தொடங்கிய யு.எஸ்.எய்ட் அமைப்பு ஜூலை 1க்குள் தனி நிறுவனமாக இல்லாமல் போனது; அதன் திட்டங்களில் 83 விழுக்காடு ரத்து செய்யப்பட்டதாக வெளியுறவு அமைச்சர் ரூபியோ மார்ச்சிலேயே அறிவித்தார். அறுபது ஆண்டுகளில் கட்டியது ஆறு மாதத்தில் போய்விட்டது. அவசரகாலப் பொருளாதார அதிகாரம் பற்றிய 1977ஆம் ஆண்டுச் சட்டத்தை அதற்கு முன் எந்த அதிபரும் இறக்குமதி வரி விதிக்கப் பயன்படுத்தியதில்லை, டிரம்ப் பயன்படுத்தினார். 2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி என்றானபோது, திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு வாஷிங்டனின் ஒரே ஒரு ஆணை என்னவெல்லாம் செய்யும் என்பது நேரடியாகத் தெரிந்தது. இவை பெரிய மாற்றங்கள்தாம். ஆனால் இவை எந்த வகையைச் சேர்ந்தவை என்று பார்க்க வேண்டும்: நிறுத்துவது, வெளியேறுவது, வரி போடுவது. அதிபருக்கு எப்போதும் எளிதாக இருந்த பக்கத்தில், முன்னவர்கள் தாண்டத் துணியாத எல்லையை இவர் தாண்டினார். காங்கிரஸ் தன் அதிகாரத்தைக் காக்க எழாவிட்டால் அந்த எல்லை வெறும் வழக்கம்தான் என்பது இப்போது வெளிப்பட்டிருக்கிறது. எனக்கு மிகுந்த கவலை தருவது அதுவே.

காங்கிரஸ் விரும்பினால் எழ முடியும். 1986இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் மீது தடை விதிக்கும் சட்டத்தை ரீகன் வீட்டோ செய்தார். குடியரசுக் கட்சியினரும் சேர்ந்தே அந்த வீட்டோவை முறியடித்தார்கள். பயங்கரவாதச் சந்தேக நபர்களை அமெரிக்கா அடைத்துவைத்திருந்த குவாண்டனமோ சிறையை 2009இல் ஓராண்டில் மூடுவேன் என்று ஒபாமா ஆணையிட்டபோது, அவருடைய கட்சியே பெரும்பான்மையாக இருந்த செனட் 90க்கு 6 என்ற கணக்கில் பணம் தர மறுத்தது. எட்டாண்டுகளுக்குப் பின் அவர் விடைபெற்றபோதும் அங்கே 41 கைதிகள் இருந்தார்கள்.

ஈழத்தமிழர்களுக்கும் இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்ததில்லை. 2009இன் தொடக்கத்தில் முல்லைத்தீவில் போர் இறுகிக்கொண்டிருந்தபோது, புதிதாகப் பதவியேற்ற ஒபாமா தலையிடுவார் என்று புலம்பெயர்ந்தோர் பலர் நம்பினார்கள். மே 13 அன்று அவர் பேசினார்: புலிகள் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும், அரசு மக்கள் மீதான எறிகணை வீச்சை நிறுத்த வேண்டும் என்றார். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் புஷ் சேர மறுத்திருந்தார், ஒபாமா சேர்ந்தார், 2012 முதல் 2015 வரை இலங்கை பற்றிய தீர்மானங்களை அமெரிக்காவே முன்னின்று கொண்டுவந்தது. 2018 ஜூனில் டிரம்ப் பேரவையிலிருந்து வெளியேறினார். தீர்மானங்களை வழிநடத்தும் பொறுப்பு பிரிட்டனுக்குப் போனது. அதிபரைப் பொறுத்து வந்தது, அதிபரைப் பொறுத்தே போனது. ஆனால் மனித உரிமை நிபந்தனைகளை நிறைவேற்றாமல் இலங்கைக்கு இராணுவ நிதியுதவி கூடாது என்று 2007 டிசம்பரில் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் காங்கிரஸ் எழுதிய கட்டுப்பாடு புஷ்ஷுக்குப் பின் ஒபாமா காலத்திலும் தொடர்ந்தது. 2020 பிப்ரவரியில், பேரவையைத் துறந்த அதே டிரம்ப் நிர்வாகம், போரின் இறுதிக் கட்டத்தில் 58ஆவது படைப்பிரிவு இழைத்ததாகக் கூறப்படும் கொடுமைகளுக்காக இலங்கை இராணுவத் தளபதி சவேந்திர சில்வா அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதித்தது. அதற்கு அது பயன்படுத்தியதும், காங்கிரஸ் ஆண்டுதோறும் நிறைவேற்றும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் உள்ள ஒரு பிரிவைத்தான்.